மூன்றாவது கியர்

ஞாயிற்றுக்கிழமை ரூஸ்தாவிச் சந்தையில்
வாஷா என்பவன் எனக்கொரு காரைக் காட்டினான்.
சாம்பல் நிறம், ஏழு வயது.
அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவரம்மா
வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் மட்டும் ஓட்டியதாம்.
அந்தச் சந்தையில் நிற்கும் அத்தனை கார்களும்
ஏதோ ஒரு பல் மருத்துவரம்மா ஓட்டியவைதான்.
எல்லாரும் தேவாலயத்திலேயே இருந்தால்
அந்த நாட்டில் பல் பிடுங்குவது யார்?

மீட்டர் நாற்பத்தோராயிரம் மைல் என்றது.
பிரேக் பெடலின் ரப்பர் வேறு கணக்குச் சொன்னது,
வரி அழிந்து, வழுவழுத்து.

உள்ளே எலுமிச்சை வாசனை.
தேவைக்கு மீறிய எலுமிச்சை.
கோரி ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாய்
இரவுப் பணி பார்ப்பவள் நான்.
எந்த அறையில் வாசனை தூக்கலோ
அந்த அறையில் யாருக்கோ கட்டுப் பிரிக்காமல் விட்டிருப்பார்கள்.

"தண்ணீரில் நின்ற வண்டியா?" என்றேன்.
வாஷா தன் பிள்ளைகள் மேல் ஆணையிட்டான்.
பேரம் தொடங்கியபோது அவனுக்குப் பிள்ளைகள் இரண்டு.
முற்றியபோது மூன்று.

கொழுந்தன் ஜும்பெர் டயரை உதைத்தான்.
ஆண்கள் ஏன் டயரை உதைக்கிறார்கள் என்று
இதுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை.
நான் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்.
தோளுக்குப் போதுமான அளவு வந்தது.
இன்னும் இழுத்தேன்,
சுருளுக்குள் பதுங்கியிருந்த கடைசி முழம்வரை.

அங்கே இருந்தது கோடு.
இரவெல்லாம் கழுவாமல் வைத்த
தேநீர்க் கோப்பையில் விழுமே, அது போல.
அதற்குக் கீழே எல்லாம் ஆறு.

ஸ்டெப்னிக் குழியில் மணல்.
மணலுக்குள் ஒரு குழந்தையின் ஹேர் கிளிப்,
மஞ்சள் வாத்து.
மிதந்திருக்க வேண்டியது.

வாஷா வாத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
"முந்நூறு டாலர் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றான்.
தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இவன் மாட்டை ஆற்றிலிருந்து தூக்கித்
துவட்டி விற்கிறான்.

வாத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
அதற்கு அவன் காசு கேட்கவில்லை.

திரும்பும்போது மினி பஸ்ஸில்
(என் காரை எடுத்துப் போகவில்லை, காரணம் இருக்கிறது)
ஜும்பெருக்குப் பாடம் நடத்தினேன்:
மழை நாளில் வாங்காதே, நனைந்த பெயிண்ட் எல்லாமே அழகு.
வண்டியைப் பார்ப்பதற்குமுன் முன்பணம் கேட்டால் நடையைக் கட்டு.
சேசி எண் காகிதத்திலும் தகட்டிலும் ஒன்றுதானா,
விரலால் தடவிப் பார்.
ஜும்பெர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

இதுவரை என் நேர்மை.

என் பழைய காரைப் பார்க்க
செவ்வாய் காலை எட்டு மணிக்கு ஓர் ஆள் வருவதாயிருந்தது.
குளிர்ந்து கிடந்தால் அது
மூன்றாவது கியரில் விழாது,
தொண்டையில் எலும்பு சிக்கிய நாய்போல் இருமும்.
பத்து நிமிடம் ஓடிவிட்டால் பரம சாது.
ஆறேமுக்காலுக்கு எழுந்தேன்.
கோட்டையை இரண்டு முறை சுற்றினேன்.
வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு
முகம் கழுவிக்கொண்டேன்.

வந்தவன் பெயர் ரேவாஸ்.
ரொட்டிக் கடைக்காரன், நகக்கண்ணில் மாவு.
டயரை உதைக்கவில்லை.
தெருவைப் பார்த்தான்.
வரிசையாய் நின்ற எல்லாக் கார்களின் மேலும் உறைபனி.
என் காரின் மூக்கில் மட்டும் இல்லை.
பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான்,
அடுப்பின் பதம் பார்க்கிறவன்போல.

"காலையிலேயே எங்காவது போய் வந்தீர்களா?"

கோட்டுப் பைக்குள் என் விரல்
வாத்தின் அலகைத் தேடிக்கொண்டிருந்தது.
பிள்ளைகள் மேல் ஆணையிடலாம்.
எனக்குப் பிள்ளைகள் இல்லையென்று
இவனுக்கு எப்படித் தெரியும்?

"நாளைக்கு வா," என்றேன்.
"இன்னும் சீக்கிரமாய்.
இது எழுந்திருக்குமுன் நீயே எழுப்பிப் பார்.
மூன்றாவது கியரை மட்டும் கவனி."

ரேவாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
கையையும் எடுக்கவில்லை.
அந்தக் குளிருக்கு
இதமாக இருந்திருக்க வேண்டும்.